தரையில் எரித்த நெருப்பு

வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக மும்பை வந்து, நாற்பது வருஷமாகப் பாத்திரக்கடை வைத்திருப்பவன் நான். குடமோ அண்டாவோ, தண்ணீர் ஊற்றி ஒழுகல் பார்க்காமல் விற்கும் வழக்கம் எங்கள் கடையில் கிடையாது. "பறக்கப்போகாத ராக்கெட் எஞ்சினைத் தரையில் கட்டிவச்சு எரிக்கிறாங்களே, வீண்செலவுதானே தாத்தா?" என்று பேரன் கேட்டான். உடனே பதில் வரவில்லை. பழைய வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

சந்திரனுக்கு மனிதரை அனுப்ப அமெரிக்கர் செய்த சாட்டர்ன்-5 ராக்கெட்டின் அடியில் 5 எப்-1 எஞ்சின்கள். ஒவ்வொன்றின் உந்துவிசையும் சுமார் 680 டன். எரிபொருள் என்னவோ நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். கூடவே திரவ ஆக்சிஜன். 1962 ஜூன் 28 அன்று, கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில், சோதனை மேடையிலேயே ஓர் எஞ்சின் நாசமாயிற்று. உள்ளே நெருப்பு சீராக எரியாமல் அலையலையாகப் புரண்டதே காரணம்.

பிறகு அவர்கள் செய்ததுதான் வியப்பு. எரிந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்குள்ளேயே சிறு வெடிகுண்டை வெடித்தார்கள்! கலக்கத்தைத் தாமே உண்டாக்கி, அது தானாக அடங்குகிறதா என்று பார்த்தார்கள். எரிபொருள் தெளிக்கும் தகட்டில் தடுப்புகள் வைத்து, துளைகளை மாற்றி மாற்றிச் சோதித்து, விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கலக்கம் அடங்கும்படி செய்தார்கள். 1967 முதல் 1973 வரை 13 ராக்கெட்டுகளில் 65 எப்-1 எஞ்சின்கள் பறந்தன. ஒன்றுகூட வழியில் பழுதாகி நிற்கவில்லை.

நம் திருநெல்வேலிச் சீமை மகேந்திரகிரியிலும் இதே தவம் நடந்திருக்கிறது. ககன்யான் திட்டத்தில் மனிதரை ஏற்றிச் செல்வதற்கான ராக்கெட்டின் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சின் அங்கேதான் தேறியது. 4 எஞ்சின்களை 39 முறை, மொத்தம் 8,810 விநாடி எரித்தார்கள். கடைசிச் சுற்று 2024 பிப்ரவரி 13இல் முடிந்தது. விதிப்படி தேவையோ 6,350 விநாடிதான். கடைக்கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 2,460 விநாடி, சரியாக 41 நிமிஷம் கூடுதல்.

காய்கறிக்காரர் போடும் கொசுறு அல்ல இது. குடம் ஒழுகினால் கடைக்குத் திரும்பி வரும். வானத்துக்குப் போனவர் எந்தக் கடைக்குத் திரும்புவார்? பேரனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "வீண்செலவு இல்லடா. நாம தண்ணி ஊத்திப் பாக்குறோம், அவங்க நெருப்பு ஊத்திப் பாக்குறாங்க."