எஸ்கா: இருட்டில் தொங்கும் ஒரு சொல்

பிரியாணிக்கு நெய்யில் பொரியும் அன்னாசிப்பூவுக்கும், ஆயிரம் மீட்டர் ஆழத்து இருட்டில் வாய் பிளந்து கிடக்கும் மீனின் நெற்றிக் கம்புக்கும் அறிவியலில் ஒரே பெயர்தான்: இல்லிசியம். ஆசைகாட்டி அருகே இழுப்பதை லத்தீனில் ‘இல்லிசெரெ’ என்பார்கள். மணத்தால் இழுக்கும் மரத்துக்கு அந்த வேரிலிருந்து பிறந்த பெயரை லின்னேயஸ் 1759-இல் சூட்டினார். முதுகுத் துடுப்பின் முதல் முள் நகர்ந்து வந்து தூண்டிற்கோலாக நெற்றியில் நீண்டிருக்கிறதே, அதற்கும் மீனியலார் இதே சொல்லைக் கொடுத்தார்கள்.

கோலின் நுனியில் இருக்கும் குமிழுக்கு வேறு பெயர்: எஸ்கா. ஆழ்கடல் தூண்டில்மீன்களில் எது எந்த இனம் என்று பெரும்பாலும் இந்தக் குமிழை வைத்தே சொல்கிறார்கள்.

‘எடெரெ’ என்றால் உண்ணுதல். அதிலிருந்து வந்த எஸ்காவுக்கு முதலில் உணவு என்று மட்டுமே பொருள். பிறகு மீனுக்கும் பறவைக்கும் ஆசைகாட்டி வைக்கும் தீனியும் எஸ்கா ஆனது. நம் ‘இரை’யும் இப்படித்தான்: பறவை குஞ்சுக்குக் கொண்டுவருவதும் இரை, முள்ளில் கோப்பதும் இரை. லத்தீன் சொல் அதோடு நிற்கவில்லை. நெருப்புக்கும் தீனி வேண்டுமல்லவா? சிக்கிமுக்கிக் கல்லின் பொறி விழுந்து பற்றிக்கொள்ளும் காளான் பஞ்சுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இத்தாலியர் இன்றும் தூண்டில் இரையையும் தீப்பஞ்சையும் எஸ்கா என்றே சொல்கிறார்கள். ஸ்பெயின்காரரின் ‘யெஸ்கா’வில் இரை மறைந்து தீப்பஞ்சு மட்டும் மிஞ்சியது. மீனியலார் நினைத்தது இரையை. ஆனால் அவர்கள் பெயர் வைத்த உறுப்பு ஒளிர்வது! தமிழிலும் இப்படி ஒரு தற்செயல் உண்டு. மீனைத் தூண்டுவது தூண்டில். விளக்குத் திரியை மேலே தள்ளிவிடுவதும் தூண்டுவதுதான், இல்லாவிட்டால் ‘தூண்டாமணி விளக்கு’ என்ற சொல் வந்திருக்காது. இரண்டு மொழிகளும் கலந்து பேசி இப்படிச் செய்யவில்லை. எனக்கு மட்டும் இது பிடித்துப்போய்விட்டது.

மீன் மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிறது என்ற செய்தி மிகப் பழையது. அரிஸ்டாட்டில் கரையோரத்துத் தூண்டில்மீனைத் தவளை என்ற பெயரால் குறித்து, கண்களுக்கு முன்னால் நீளும் இழைகளையும் அவற்றின் உருண்ட நுனிகளையும், சிறு மீன்கள் அவற்றால் ஏமாறுவதையும் எழுதியிருக்கிறார். 1758-இல் லின்னேயஸ் அந்த மீனுக்குச் சூட்டிய லோஃபியஸ் பிஸ்கடோரியஸ் என்ற பெயரில் பின்பாதி மீன்பிடித் தொழிலைக் குறிப்பது. அந்த மீனின் குமிழ் வெறும் சதை. அதில் வெளிச்சம் கிடையாது.

ஆழ்கடல் உறவினர்கள் அறிவியலுக்குள் வந்தது கிரீன்லாந்து வழியாக. டென்மார்க்கின் ரைன்ஹார்ட் 1837-இல் ஹிமன்டோலோஃபஸ் என்றார்: வார்க்கொண்டை. 1845-இல் க்ரோயர் செராஷியஸ் என்றார். கிரேக்கத்தில் ‘கெராஸ்’ என்றால் கொம்பு, ஆகவே நம் வழக்கில் கொம்பன். வாரையும் கொம்பையும் கவனித்தவர்கள் நுனிக் குமிழைப் பெயரில் சேர்க்கவில்லை. 1864-இல் குந்தர் மெலனோசீட்டஸ் என்று வைத்த பெயருக்குக் கருந்திமிங்கிலம் என்று பொருள். அந்த மீனோ ஒரு சாண் நீளத்தைத் தாண்டாது. பெயர் வைப்பதில் இத்தனை தாராளம் கூடாது.

எல்லாவற்றிலும் அழகான பெயர் 1871-இல் லுட்கென் தந்தது: ஒனைரோடிஸ், கனவு போன்றது. 1890-இல் ஆல்காக், வங்காள விரிகுடாவின் ஆழத்தில் கிடைத்த ஒரு மீனுக்குப் பாரொனைரோடிஸ் என்று பெயரிட்டு, அதைக் கனவுக்குப் பக்கத்து வீட்டில் குடிவைத்தார்.

ஒனைரோடிஸ் என்ற கனவுப் பேரினத்தில்தான் எஸ்காவின் ஆட்சி முழுமையாகத் தெரிகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். எல்லாம் கறுப்பு, எல்லாம் உருண்டை, எல்லாவற்றுக்கும் பெரிய வாய். உடலை மட்டும் பார்த்து ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது மிகக் கடினம். நுண்ணோக்கியின் அடியில் குமிழை வைத்தால் கதை மாறுகிறது. முன்புறத்திலிருந்து ஒரு நீட்சி கிளம்பும். அது தனியாக நிற்கிறதா, கிளைவிடுகிறதா? நடுவில் இழைகள் உண்டா, எத்தனை? பின்புற நீட்சி குட்டையா, நீளமா? உச்சியில் சிறு முகடு இருக்கிறதா? விடைகளை வரிசையாகச் சேர்த்தால் இனம் தெரியும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தியோடர் பீட்ச், 2009-இல் வெளிவந்த தன் பெரிய நூலில் 160-க்கும் மேற்பட்ட ஆழ்கடல் தூண்டில்மீன் இனங்களைத் தொகுத்திருக்கிறார். அதில் குமிழ்களின் படங்கள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கின்றன.

குமிழை நம்புவதிலும் வில்லங்கம் உண்டு. இழுவலையில் ஏறி வருவதற்குள் மெல்லிய இழைகள் அறுந்துபோகும். குஞ்சுப் பருவத்தில் குமிழ் முழு வடிவம் பெற்றிருக்காது. வளர வளரத்தான் நீட்சிகள் தோன்றும். டென்மார்க்கின் ‘டானா’ கப்பல் கொண்டுவந்த மீன்களை ரீகனும் எதெல்வின் ட்ரவாவஸும் ஆராய்ந்து 1932-இல் ஓர் அறிக்கை தந்தார்கள். குமிழில் தெரிந்த சிறிய வேறுபாடுகளுக்கெல்லாம் அதில் தனித்தனிப் பெயர் கிடைத்தது. 1951-இல் பெர்டெல்சன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது பல பெயர்கள் ஒரே மீனின் வெவ்வேறு வயதுகளாகச் சுருங்கின. கனவுகளை எண்ணுகிறவர்களுக்கு இது நேரக்கூடியதுதான்.

இத்தனையும் பெண் மீன்களைப் பற்றிய பேச்சு. ஆணுக்குத் தூண்டிலே இல்லை. 1902-இல் ப்ரவுவர் சில குட்டி மீன்களை அசெராஷியஸ் என்ற தனிப் பேரினமாக வைத்தார்: கொம்பிலி. அவை ஆழ்கடல் தூண்டில்மீன்களின் ஆண்கள் என்று பின்னால்தான் விளங்கியது. 1922-இல் ஐஸ்லாந்தின் சேமுண்ட்சன், ஒரு பெரிய செராஷியஸின் உடலில் ஒட்டியிருந்த சிறு மீன்களைக் குஞ்சுகள் என்று எண்ணினார். அவை கணவன்மார் என்று 1925-இல் சொன்னவர் ரீகன்.

குமிழைப் பெயரிலேயே ஏற்றிய துணிச்சலுக்கு வில்லியம் பீபியைச் சொல்ல வேண்டும். 1934-இல் பெர்முடா அருகே எஃகுக் கோளத்துக்குள் அமர்ந்து கடலுக்குள் இறங்கிய அவர், ஜன்னல் வழியே மூன்று விளக்குகள் ஏந்திய மீன் ஒன்றைப் பார்த்தார். பாத்திசெராஷியஸ் ட்ரைலிக்னஸ் என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்; ‘லிக்னஸ்’ என்றால் விளக்கு. கையில் மீன் இல்லை, கண்ணில் பட்ட வெளிச்சம் மட்டுமே சாட்சி. அதற்குப் பிறகு அந்த மீன் யாருக்கும் அகப்படவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து வைத்த பெயரை அறிவியல் எப்படி ஏற்கும் என்று மீனியலார் அன்றே முகம் சுளித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நானும்.

2015-இல் பீட்சும் ட்ரேசி சட்டனும் வைத்த லேசியோக்னேதஸ் டைனீமா அடக்கமான பெயர். மெக்சிகோ வளைகுடாவில் 1,000 முதல் 1,500 மீட்டர் ஆழத்தில் கிடைத்த மூன்று பெண் மீன்கள். குமிழில் கொக்கிகள், அவற்றின் அடியிலிருந்து இரண்டு நீண்ட இழைகள். ‘டைனீமா’ என்றால் ஈரிழை, அவ்வளவுதான். பெயரைப் படித்தவருக்கு மீனில் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

எஸ்கா என்ற சொல் அண்மையில் மீனைவிட்டு இறங்கி இன்னும் சிறிய உயிரிடம் போயிருக்கிறது. குமிழுக்குள் ஒளி தருவது மீன் அல்ல, அதில் வாழும் பாக்டீரியா. அதற்கு எண்டரோவிப்ரியோ எஸ்ககோலா என்று பெயர் சூட்டினார்கள்: எஸ்காவில் குடியிருப்பது. இந்தப் பாக்டீரியாவின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், வெவ்வேறு பேரினத்து மீன்களின் குமிழ்களிலும் இதே எஸ்ககோலா காணப்பட்டது. தாயிடமிருந்து குஞ்சுக்கு வராமல், கடல்நீரிலிருந்து ஒவ்வொரு மீனும் இதைச் சேர்த்துக்கொள்கிறது என்றும் தெரிந்தது. கிரிப்டோப்சாரஸ் கூசியை என்ற மீனில் மட்டும் வேறொரு பாக்டீரியா குடியிருந்தது. அதற்கு ‘லக்ஸால்டஸ்’ என்று பெயர். லக்ஸ் ஒளி, ஆல்டஸ் ஆழம்.