இம்ப்ளேக்கபிள் (பாய்மரப் போர்க்கப்பல்)

இம்ப்ளேக்கபிள், பிரான்சில் டுகே-ட்ரூவான் என்ற பெயரில் கட்டப்பட்டு, 1805இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட 74 பீரங்கிப் போர்க்கப்பல். டிரஃபால்கர் போரைக் கண்ட கப்பல்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை எஞ்சியவை இரண்டே: ஒன்று நெல்சனின் விக்டரி, மற்றொன்று இது. விக்டரி இன்றும் போர்ட்ஸ்மத்தில் நிற்கிறது. இம்ப்ளேக்கபிளை 1949இல் பிரித்தானியக் கடற்படையே கடலில் மூழ்கடித்தது.

கப்பல் ரோஷ்ஃபோர் கட்டுதளத்தில் 1800 மார்ச்சில் நீரில் இறங்கியது. அதற்குச் சூட்டப்பட்டது, 1711இல் ரியோ டி ஜெனீரோவைக் கைப்பற்றிய சான்-மாலோ ஊர்க் கடல்வீரர் ரெனே டுகே-ட்ரூவானின் பெயர். 1803இல் பிரான்சின் கரிபியக் குடியேற்றமான சான்-டொமிங்கின் காப்-பிரான்சே துறைமுகத்தை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தபோது அங்கிருந்து தப்பி, அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்பெயினின் கொருன்னாவை அடைந்தது.

1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கரில் இக்கப்பல் பிரெஞ்சுத் தளபதி டுமனுவாரின் முன்னணிப் பிரிவில் இருந்தது. போர் அணியின் நடுவிலும் பின்பகுதியிலும் மூண்டதால் அப்பிரிவு தாமதமாகத்தான் திரும்பியது. அதற்குள் முடிவு தெரிந்துவிட்டது. ஃபார்மிடபிள், சிப்பியோன், மோன்-பிளான், டுகே-ட்ரூவான் ஆகிய நான்கும் தப்பின. ஆனால் நவம்பர் 4 அன்று ஸ்பெயினின் ஒர்டெகல் முனைக்கு அப்பால் சர் ரிச்சர்டு ஸ்ட்ராக்கனின் கப்பல்கள் நான்கையும் பிடித்தன. டுகே-ட்ரூவானின் தலைவர் துஃபே அப்போரில் உயிரிழந்தார்.

பிடிபட்ட கப்பலைப் பழுதுபார்த்து, புதுப் பெயரிட்டு, பிடித்தவரே போருக்கு அனுப்புவது அக்கால வழக்கம். இம்ப்ளேக்கபிள் அப்படித்தான் 1808இல் பால்டிக் கடலுக்குச் சென்றது. அப்போது நெப்போலியனோடு உடன்பட்டிருந்த ரஷ்யா பிரிட்டனுக்கு எதிரி, ஸ்வீடன் நண்பன். ஆகஸ்ட் 26 அன்று, தாமஸ் பயம் மார்ட்டினின் தலைமையில் இம்ப்ளேக்கபிள், உடன்வந்த ஸ்வீடன் கப்பல்களைப் பின்னால் விட்டுவிட்டு முன்னேறியது. ரஷ்யாவின் 74 பீரங்கிக் கப்பலான வ்செவோலோதைத் தாக்கி அடக்கியது. ரஷ்ய அணி திரண்டு வந்ததால் அன்று விலக நேர்ந்தாலும், சேதமடைந்த வ்செவோலோத் பின்னர் தரைதட்டியது. மற்றொரு பிரித்தானியக் கப்பலான சென்டாரின் வீரர்கள் அதில் ஏறிக் கைப்பற்றினர், பிறகு அது எரிக்கப்பட்டது. பிரெஞ்சுத் தச்சர்களின் கைவேலை எத்தகையது என்பதற்கு இந்த நாள் போதுமான சான்று.

1840இல் சிரியக் கரையோரப் போரில் பங்குகொண்ட பின் அதன் போர்வாழ்வு முடிந்தது. 1855 முதல் டெவன்போர்ட்டில் சிறுவர்களுக்கான பயிற்சிக் கப்பலாக நின்றது. 1908இல் விற்க முடிவானபோது மன்னர் ஏழாம் எட்வர்டின் தலையீட்டால் தப்பியது. 1912இல் ஜெஃப்ரி வீட்லி காப் என்ற செல்வரின் பொறுப்பில் வந்து, இளைஞர் பயிற்சிக்குப் பயன்பட்டது. காப் காத்த மற்றொரு கப்பல், மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறங்கிய, திருகோணமலையின் பெயர் தாங்கிய டிரிங்கோமலி. அதற்கு அவர் ஃபூட்ரொயன்ட் என்று பெயரிட்டிருந்தார். 1932 முதல் இரண்டும் போர்ட்ஸ்மத்தில் அருகருகே இருந்தன. டிரிங்கோமலி இன்று பழைய பெயரோடு ஹார்ட்டில்பூலில் நலமாக இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இம்ப்ளேக்கபிளின் மரம் மிகவும் நைந்திருந்தது. சீரமைக்க 1,50,000 பவுண்டுக்குக் குறையாது என்று கணக்கிட்டனர். போரால் நொடித்த நாட்டில் அத்தொகை கிடைக்கவில்லை. பிரான்சுக்குக் கொடுக்க முன்வந்தும் அந்நாடு ஏற்கவில்லை. 1949 டிசம்பர் 2 அன்று வைட் தீவுக்கு அப்பால், பிரெஞ்சு, பிரித்தானியக் கொடிகள் இரண்டும் பறக்க, வெடிவைத்து மூழ்கடித்தனர். அடிப்பகுதி சிதறியும் மேற்பகுதி உடனே மூழ்காமல் மணிக்கணக்கில் மிதந்தது. வறுமை உண்மைதான், ஆனாலும் அந்த முடிவு பெரும் பிழையே. மீட்க முடியாததை இழந்துவிட்டோம் என்பதைப் பிரித்தானியர் விரைவில் உணர்ந்தனர். இக்கப்பலைக் காக்கப் போராடிய கிரீனிச் கடல்சார் அருங்காட்சியக இயக்குநர் ஃபிராங்க் கார், அடுத்து கட்டி சார்க் என்ற பாய்மரக் கப்பலைக் காக்கும் முயற்சியில் முன்னின்றார். அது 1954இல் கிரீனிச்சில் நிலையான இடம் பெற்றது. பின்னர் தோன்றிய உலகக் கப்பல் அறக்கட்டளை, இம்ப்ளேக்கபிளின் கதி இன்னொரு கப்பலுக்கு நேரக்கூடாது என்பதையே தன் முழக்கமாக வைத்துக்கொண்டது. கப்பலின் முகப்புச் சிற்பமும் பின்புற மாடவரிசையும் கிரீனிச் அருங்காட்சியகத்தில் உள்ளன. நங்கூரக் கயிறு சுற்றும் உருளை அது பிறந்த ரோஷ்ஃபோருக்கே போய்ச்சேர்ந்தது.

பெயர் மட்டும் வேறு கப்பல்களில் தொடர்ந்தது. 1899இல் நீரில் இறங்கிய இம்ப்ளேக்கபிள் என்ற எஃகுப் போர்க்கப்பல், 1915 ஏப்ரல் 25 அன்று கலிப்பொலியில் கரைக்கு மிக நெருங்கி வந்து குண்டு பொழிந்தது. அதனால் அங்கே ‘எக்ஸ்’ என்று குறிக்கப்பட்ட கடற்கரையில் இறங்கிய படைகளுக்குச் சேதம் குறைவாக இருந்தது. 1944இல் பணியேற்ற விமானந்தாங்கிக் கப்பலும் இதே பெயர் பெற்று, நார்வே கரையிலும் பசிபிக்கிலும் போரிட்டது. மரக்கப்பல் மூழ்கடிக்கப்பட்ட நாளில் அது பணியில்தான் இருந்தது, 1955இல் உடைக்கப்பட்டது. பிரான்சு தன் பங்குக்கு 1923இல் நீரில் இறக்கிய குரூசர் ஒன்றுக்கும், 2023இல் பெற்ற அணுசக்தி நீர்மூழ்கி ஒன்றுக்கும் டுகே-ட்ரூவான் என்றே பெயரிட்டிருக்கிறது.