காஞ்சியிலிருந்து கடல்கடந்த கப்பல் உதவி: மானவர்மன் முதல் காட்டுப்பள்ளிக் காவல் படகுகள் வரை

முன்னுரை

ஒரு நாடு தன் கப்பல்களை மற்றொரு நாட்டின் பயன்பாட்டிற்கு வழங்குவது தற்கால அரசுறவின் வழக்கங்களுள் ஒன்று. தமிழக வரலாற்றில் இவ்வழக்கத்திற்குப் பல்லவர் காலத்திலேயே தெளிவான சான்று உண்டு. ஈழத்து இளவரசன் மானவர்மனுக்குக் காஞ்சி அரசு வழங்கிய கப்பற்படையே அச்சான்று. அந்நிகழ்வையும், வியட்நாமுக்காகக் காட்டுப்பள்ளியில் கட்டப்பட்ட காவல் படகுகளையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. கொடுக்கப்பட்ட கலங்களின் எண்ணிக்கையை விட, அவற்றின் மீதான அதிகாரமும் திறனும் பெற்றவரிடம் எந்த அளவு சேர்ந்தன என்பதே இத்தகைய உதவியின் பயனை முடிவு செய்கிறது என்பது இதன் கருதுகோள்.

காஞ்சியும் கடலும்

காஞ்சிபுரம் இன்று பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற உள்நாட்டு நகரம். எனினும் பல்லவர் காலத்தில் அதன் அரசியல் கடலோடு பிணைந்திருந்தது. நகரின் ஒரு பகுதியான ஓரிக்கையை ஒட்டி ஓடும் பாலாறு, மாமல்லபுரத்திற்குத் தெற்கே வயலூர் அருகில் கடலில் கலக்கிறது. பல்லவர் வம்சாவளியை விரிவாகக் கூறும் இராசசிம்மனின் கல்வெட்டு அவ்வயலூரில்தான் உள்ளது. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு, இந்நகரைச் சிங்களத் தீவை நோக்கிய துறைமுகமாகவே குறிப்பிடுகிறது; அங்கிருந்து தீவுக்கு மூன்று நாள் கடற்பயணம் என்றும் கூறுகிறது. அவர் ஈழம் செல்ல எண்ணியிருந்தபோது, அங்கு அரசன் இறந்து குழப்பம் நிலவுவதைத் தீவிலிருந்து வந்த துறவியர் அவருக்குத் தெரிவித்தனர். மானவர்மன் காஞ்சியில் அடைக்கலம் புகுந்ததற்கும் இத்தகைய வாரிசுப் போட்டிகளே பின்னணி.

இரு படையெடுப்புகள்

மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் இந்நிகழ்வுகளை விரிவாகச் சொல்கிறது. இரண்டாம் காசியபனின் மகனான மானவர்மன் நரசிங்கன் என்னும் மன்னனிடம் பணிபுரிந்தான். வல்லப மன்னனுக்கு எதிரான போரில் அவனுக்குத் துணை நின்றான். இந்நரசிங்கனை முதலாம் நரசிம்மவர்மன் (ஏறத்தாழ 630–668) என்றும், வல்லபனைச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி என்றும் ஆய்வாளர் கொள்வர். இத்துணைக்குக் கைம்மாறாக நரசிங்கன் படையும் கப்பல்களும் அளித்தான். மானவர்மன் ஈழத்தில் இறங்கி வெற்றியும் கண்டான். ஆனால் தம் மன்னன் கடும் நோயுற்றான் என்னும் செய்தி கேட்டதும் பல்லவ வீரர் நாடு திரும்பினர். வென்ற நாட்டை மானவர்மனால் தக்கவைக்க இயலவில்லை. அவன் மீண்டும் காஞ்சிக்கே வந்து நெடுங்காலம் காத்திருந்தான்.

இரண்டாம் முயற்சியில் நரசிங்கன் வேறு வழியைக் கையாண்டான். தன் அணிகலன்களை மானவர்மனுக்கு அணிவித்து, தன் முரசையும் அளித்துக் கப்பலேற்றினான். மன்னனே உடன் வருகிறான் என்று நம்பிப் படையும் ஏறியது. அம்முறை மானவர்மன் அரியணையைக் கைப்பற்றினான். அவன் தொடங்கிய மரபு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் நிலைத்தது.

இங்கு இரு சிக்கல்கள் கருதத்தக்கன. முதலாவது காலக்கணிப்பு. மானவர்மன் அரியணை ஏறியது 684 அளவில் எனக் கொண்டால், அது முதலாம் நரசிம்மவர்மனின் ஆட்சிக்குப் பிற்பட்டதாகிறது. எனவே இரண்டாம் படையை அனுப்பியவன் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மனே என்னும் கருத்தும் உண்டு. காசாக்குடிச் செப்பேடு முதலாம் நரசிம்மவர்மனின் இலங்கை வெற்றியைப் புகழ்ந்தாலும் அதுவும் பிற்காலச் சான்றே. இரண்டாவது, இப்போரை இன அடிப்படையில் வாசிக்கும் போக்கு. மானவர்மன் எதிர்கொண்ட தரப்பில் அதிகாரம் செலுத்தியவன் பொத்தகுட்டன் என்னும் தமிழன். காஞ்சியின் கப்பல்கள் சிங்கள இளவரசனுக்காகத் தமிழ்த் தலைவன் ஒருவனுக்கு எதிராகவே சென்றன. எனவே இதனை அரசுகளின் கூட்டணியாகக் காண்பதே பொருந்தும்.

காட்டுப்பள்ளிக் காவல் படகுகள்

எண்ணூருக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள காட்டுப்பள்ளியில் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளம் அமைந்துள்ளது. இந்தியக் கடலோரக் காவல் படைக்காக 54 இடைமறிப்புப் படகுகளைக் கட்டிய அந்நிறுவனம், இந்தியா வியட்நாமுக்கு அளித்த 10 கோடி டாலர் கடனுதவியின் கீழ் 12 அதிவேகக் காவல் படகுகளுக்கான பணியை ஏற்றது. அவற்றுள் 5 படகுகள் காட்டுப்பள்ளியில் கட்டப்பட்டன; எஞ்சிய 7 படகுகள் வியட்நாமின் ஹாங் ஹா கப்பல் தளத்தில் உருவாயின. 2020 டிசம்பரில் இரு நாட்டுப் பிரதமர்களும் காணொலி வழியே சந்தித்தபோது முதல் படகு ஒப்படைக்கப்பட்டது. 12 படகுகளையும் ஒப்படைக்கும் விழா 2022 சூன் 9 அன்று ஹைபோங்கில் நடைபெற்றது. இவை வியட்நாமின் எல்லைக் காவல் படைக்கு உரியவை. போர்க் கப்பல்கள் அல்ல.

மறுபுறம், கட்டி முடித்த கலத்தை முழுமையாக அளிக்கும் முறையும் தொடர்கிறது. கொல்கத்தாவில் கட்டப்பட்ட ‘சோரோஸ்டர்’ ரோந்துக் கலம் 2021இல் சீசெல்சு நாட்டிற்கும், இந்தியக் கடற்படையில் பணியாற்றிய ‘கிர்பான்’ போர்க் கப்பல் 2023இல் வியட்நாமுக்கும் வழங்கப்பட்டன.

ஒப்பீடு

இரு காலங்களின் நோக்கங்கள் வேறானவை. பல்லவர் உதவி அரியணையை மாற்றுவதற்காக அளிக்கப்பட்டது. இன்றைய படகுகள் கடலோரக் காவலுக்கு உரியவை. முன்னது கைம்மாறு; பின்னது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். ஆயினும் ஒரு கேள்வி இரண்டிற்கும் பொது: கொடுத்தவர் விலகினால் எது எஞ்சும்? மானவர்மனின் முதற்படையில் கலமும் வீரரும் கட்டளையும் காஞ்சிக்கே உரியவையாக இருந்தமையால், மன்னனின் நோய்ச் செய்தியே அதைக் கலைத்தது. இரண்டாம் முறை முரசும் அணியும் கைமாறியது, படையின் பற்றுறுதியையும் கைமாற்றும் முயற்சியாகும். அக்கைமாற்றமும் மன்னன் உடன் வருகிறான் என்னும் தோற்றத்தையே சார்ந்திருந்தது. ஹாங் ஹா தளத்தில் உருவான 7 படகுகள் இவ்வகையில் ஒரு படி மேலானவை. அங்கு கைமாறியது கட்டும் திறன்.

முடிவுரை

கடல்சார் உதவியைக் கொடுப்பவரின் பெருமையாக மட்டும் எழுதும் மரபு செப்பேடுகளிலிருந்தே தொடங்குகிறது. பெற்றவர் தரப்பில் எழுந்த சூளவம்சமோ, அதே உதவி ஒருமுறை தோற்றதையும் பதிவு செய்துள்ளது. பல்லவர் கடலாதிக்கத்தை ஆராய்வோர் இவ்விரு தரப்புச் சான்றுகளையும் இணைத்து வாசித்தல் இன்றியமையாதது. இன்றைய படகு உதவிகளை நாளை மதிப்பிடுவோரும் ஒப்படைப்பு விழாவின் நாளோடு நில்லாது, அதன்பின் அப்படகுகளைப் பழுதுபார்க்கவும் மேலும் கட்டவும் பெற்ற நாட்டால் இயன்றதா என்பதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.