சட்டையில் ஏறிய சிங்கமும் ஏறாத கோடுகளும்

கொடி பெரியது, சட்டையின் நெஞ்சு சின்னது. ஒரு நாட்டுக் கொடியை விளையாட்டு வீரனின் ஜேர்சிக்குக் கொண்டுவரும்போது எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். எதை விட்டார்கள், எதை வைத்தார்கள் என்று பார்த்தால் அந்த நாட்டின் கதை பாதி விளங்கிவிடும்.

முதலில் எங்கட கொடிக்கதை. கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரம ராஜசிங்கனின் சிங்கக்கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக்க வேண்டும் என்று 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் சின்னலெப்பை. அவர் ஒரு முஸ்லிம். அந்த அரசனோ மதுரை நாயக்கர் வழிவந்தவன். 1815இல் பிரித்தானியரிடம் முடியிழந்து, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து, 1832இல் அங்கேயே இறந்தவன். சிங்கம் தங்கட பரம்பரைச் சொத்து என்று மார்தட்டுகிறவர்கள் இதையும் ஒருக்கால் யோசிக்கலாம்.

தனிச் சிங்கத்துக்கு ஆட்சேபம் எழுந்தது. குழு போட்டார்கள். 1951இல் தமிழருக்கு ஒரு செம்மஞ்சள் கோடும் முஸ்லிம்களுக்கு ஒரு பச்சைக் கோடும் சேர்ந்தன. குழுவிலிருந்த செனட்டர் நடேசன் அதற்கு ஒப்பவில்லை. கொடியைப் பார்த்தாலே காரணம் விளங்கும்: கோடுகள் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. 1972இல் சிங்கத்தின் நாலு மூலையிலும் அரசிலைகள் வந்தன.

இனி கிரிக்கெற் சட்டைக்கு வருவோம். இவ்வளவு இழுபறிப்பட்டுப் பெற்ற அந்தக் கோடுகள் நெஞ்சுச் சின்னத்தில் இல்லை. வாளேந்திய சிங்கம் மட்டும் இருக்கிறது. சின்ன இடத்தில் ஒரு மிருகம் எடுப்பாகத் தெரியும், கோடு தெரியாது என்று தையல்காரர் நியாயம் சொல்லலாம். அது சரிதான். ஆனால் எது வெட்டுப்படும் என்பது 1951இலேயே தீர்மானமாகிவிட்டது. வெளியே நிற்பதுதானே முதலில் வெட்டுப்படும்.

அந்தச் சட்டைக்குப் பேர்போன மைதானங்களில் ஒன்று சார்ஜா. 1984 ஏப்ரலில் அங்கே நடந்த முதலாவது சர்வதேச ஆட்டத்திலேயே இலங்கை பாகிஸ்தானை வென்றது. 2000 ஒக்ரோபர் 27, வெள்ளிக்கிழமை, வளைகுடாவில் அப்போது லீவு நாள். முரளிதரன் இந்தியாவுக்கு எதிராக 30 ஓட்டங்களுக்கு 7 விக்கெற் எடுத்தார். ஒருநாள் ஆட்டத்தில் அன்றைக்கு அது உலக சாதனை. இரண்டு நாள் கழித்து இறுதியாட்டத்தில் ஜெயசூரிய 189 அடிக்க, இந்தியா 54க்குச் சுருண்டது.

முரளியின் நெஞ்சிலும் அந்தச் சிங்கம்தான். தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு மனிதரின் பேரன் அவர். சிங்கக்கொடி ஏறிய அதே 1948இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. கொடியில் அவர்களுக்கும் சேர்த்து ஒரு கோடு கிடைத்தது 1951இல். குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி முற்றாகத் தீர 2003 வரை போனது. முரளி சார்ஜாவில் பந்து போட்ட அந்த நாளிலும் இலங்கையில் நாடற்ற தமிழர் இருந்தார்கள்.

அதே சார்ஜாவில் இன்னொரு கதை. 2021 ஓகஸ்டில் தலிபான் காபூலைப் பிடித்து வெள்ளைக் கொடியை ஏற்றியது. ஒக்ரோபர் 25இல் ரி-20 உலகக்கிண்ணத்தில் ஸ்கொட்லாந்துக்கு எதிராக இறங்கிய ஆப்கான் அணிக்குப் பழைய மூவர்ணக் கொடியே பறந்தது, பழைய தேசிய கீதமே ஒலித்தது. அணித்தலைவர் முகமட் நபி அழுதார். பிறகு 130 ஓட்டங்களால் வென்றார்கள். பெஷாவர் பக்கத்து அகதிமுகாம்களில் பழகி வளர்ந்த கிரிக்கெற் அது. நாட்டில் இறக்கிய கொடிக்கு மைதானத்தில் மட்டும் இடமிருந்தது. அகதியாக வாழுகிற எனக்கு அந்தக் கண்ணீருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

ஐக்கிய அமீரகமும் தன் சின்னத்தை மாற்றிய நாடுதான். 2008இல் பருந்தின் நெஞ்சிலிருந்த பாய்மரக் கப்பலை எடுத்துவிட்டு, தேசியக் கொடியையும் அதைச் சுற்றி ஏழு நட்சத்திரங்களையும் வைத்தார்கள். ஏழு அமீரகத்துக்கு ஏழு நட்சத்திரம். கணக்குச் சரி. ஆனால் அங்கே வாழ்வோரில் பத்தில் ஒன்பது பேரளவில் வெளிநாட்டவர், அவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. கிரிக்கெற் அணியில் மட்டும் இருக்கிறார்கள். 1996 உலகக்கிண்ணத்தில் விளையாடிய அமீரக அணியில் மண்ணின் மைந்தர் என்று இருந்தவர்கள் தலைவர் சுல்தான் சரவாணி உட்பட மிகச் சிலரே. 2022 ஒக்ரோபர் 18இல் அவுஸ்திரேலியாவின் ஜீலோங்கில் இலங்கைக்கு எதிராக ஹட்ரிக் எடுத்தவர் அமீரகச் சட்டையணிந்த கார்த்திக் மெய்யப்பன், சென்னையில் பிறந்த தமிழர். சிங்கச் சட்டை போட்ட மூவர் அடுத்தடுத்த பந்துகளில் வெளியேறினார்கள். எங்கட சனம் அன்றைக்கு யாருக்குக் கைதட்டியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று வருடம் வசித்தால் ஒரு நாட்டுக்கு விளையாடலாம் என்கிறது கிரிக்கெற் சபையின் விதி. முப்பது வருடம் வேலைசெய்தாலும் குடியுரிமை அநேகமாகக் கிடைக்காது என்பது வளைகுடா வழக்கம். சட்டையைக் கொடுக்க ஒரு நாட்டுக்குச் செலவில்லை.

புலம்பெயர்ந்த வீடுகளில் பிள்ளை சிங்கச் சட்டை கேட்டால் இன்றைக்கும் சண்டை வருகிறது. போடாதே என்றும் போடு என்றும் நான் சொல்லமாட்டேன். சின்னத்தில் செம்மஞ்சளையும் பச்சையையும் சேர்த்துத் தைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பவில்லை. கோடு கிடைத்தும் நாடு கிடைக்காதவர்களை எங்கட சரித்திரம் கண்டிருக்கிறது. பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். சட்டையைப் பற்றி அது பிறகு தானே முடிவெடுக்கட்டும்.