கையேட்டின் ஆசிரியன் யார்?

டொனால்டு க்நூத் 1978இல் வெளியிட்ட டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் சும்மாவே கிடைக்கும். அதைக் கற்பிக்க அவர் எழுதிய ‘டெக்புக்’ (1984) அப்படியல்ல. அதன் மூலக்கோப்பை எவரும் படிக்கலாம். ஆனால் டெக்கில் ஓட்டிப் பார்த்தால், இது பதிப்புரிமை உடையது, கோக்கக் கூடாது என்ற பிழைச்செய்தி முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும். கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசலில் காவலுக்கு ஆள் நிறுத்திய மாதிரி.

ரோலான் பார்த் 1967இல் அறிவித்த ‘ஆசிரியனின் மரண’த்தை நாம் இலக்கியத்திலேயே தேடிக்கொண்டிருக்கிறோம். கையேட்டை ஒரு பிரதியாகவே மதிப்பதில்லை. ஒரு கருவி யார் யார் கைக்குப் போய்ச்சேரும் என்பதைத் தீர்மானிப்பதில் கையேட்டுக்குப் பெரும் பங்குண்டு.

க்நூத்தின் நூலில் வாசகனுக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. புதிதாகப் பிழை கண்டவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பினார். பலர் அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். 2008 முதல் காசோலைக்குப் பதில் சான்றிதழ். ஆக, வாசகன் இங்கே பிழைதிருத்துபவன். பிரதியில் பங்காளி அல்ல.

லெஸ்லி லாம்போர்ட் 1980களில் டெக்கின் மேல் கட்டிய லேடெக்கைச் சுற்றி வேறு வகைப் பிரதி ஒன்று உருவானது. ஆஸ்திரியாவில் ஹூபர்ட் பார்ட்ல், இரேனே ஹைனா, எலிசபெத் ஷ்லெகல் மூவரும் ஜெர்மன் மொழியில் ஓர் அறிமுகம் எழுதினார்கள். டோபியாஸ் ஓட்டிகர் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து விரித்தார். 1995இல் தொடங்கும் உரிமை வரியில் அவர் பெயரோடு ‘பங்களித்தவர்களும்’ என்று சேர்ந்திருக்கிறது. க்னூ உரிமத்தின்படி எவரும் திருத்தலாம், மொழிபெயர்க்கலாம், பரப்பலாம். ‘இத்தனை நிமிடங்களில் லேடெக்’ என்பது துணைத்தலைப்பு. பக்கம் கூடக்கூட நிமிடமும் கூடியது.

ஏன் கூடியது? கருவியைச் செய்தவருக்கு அது எங்கே புரியாது என்பது லேசில் தெரியாது. நேற்றுத் தடுக்கி விழுந்தவனுக்குத்தான் கல் கிடக்கும் இடம் தெரியும். கூட்டுக் கையேட்டின் பலம் அவன்தான்.

அதற்காக இதைக் கொண்டாடித் தீர்த்துவிடவும் முடியாது. இங்கும் அட்டையில் ஒருசில பெயர்கள்தான். திருத்தியவர்கள், யோசனை சொன்னவர்கள் எல்லாரும் உள்ளே நன்றிப் பட்டியலில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஆசிரியன் சாகவில்லை, பெருகியிருக்கிறான், படிநிலையோடு. வேறுபாடு ஒன்றுதான். பட்டியலில் நிற்பவருக்குப் பிடிக்காமல் போனால், பிரதியை எடுத்துக்கொண்டு போய் வேறாக எழுதலாம். காசோலை வாங்கியவருக்கு அந்த உரிமை கிடையாது.