கரும்புக்காடும் காதிர் கோப்பையும்

மீரட்டுக்கு மாற்றலாகி வந்த புதிதில், பயிர்க்கடன் கொடுத்த நிலத்தைப் பார்க்கப் போனேன். கரும்பைக் காட்டுப்பன்றி துவம்சம் பண்ணியிருந்தது. "ராத்திரி முழுக்கக் காவல் இருந்தேன் சாப்" என்றார் விவசாயி.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்கோ இதே பன்றிதான் விளையாட்டு. கங்கைக்கரைப் புல்காட்டில் குதிரையில் துரத்தி ஈட்டியால் குத்த வேண்டும். முதலில் ரத்தம் பார்த்த ஈட்டிக்கே வெற்றி. பரிசு, காதிர் கோப்பை. பின்னாளில் சாரணர் இயக்கம் தொடங்கிய பேடன் பவல் 1883-ல் ஜெயித்தார். 1889-ல் இந்த வேட்டையைப் பற்றிப் புத்தகமே போட்டார். பன்றியைத் துப்பாக்கியால் சுடுவது அவர்களுக்குக் கேவலம். பன்றி இருந்தால்தானே ஆட்டம்! நஷ்டம் குடியானவனுக்கு.

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் அனுமதியில்லாமல் கொல்ல முடியாது. நியாயம்தான். ஆனால் கடன் தவணை காத்திருக்காதே! நம்மூர் மலையடிவாரத்தில் நிலம் உள்ளவர்களுக்கு இது புரியும்.