கூவம் சீரமைப்பு: யார் தலையில் எழுதிய பசுமைக் கணக்கு?

பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். முன்பு கூவம் கரையில் இருந்தவர். சிந்தாதிரிப்பேட்டையில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து வந்தார். "அப்பல்லாம் நடந்தே போயிட்டு நடந்தே வந்துடுவேன் தம்பி. இப்ப ரெண்டு பஸ் மாறணும். பாதி நாள் பஸ்லயே போயிடுது" என்றார்.

அவரை அங்கிருந்து அகற்ற அரசு சொன்ன காரணம் நதிச் சீரமைப்பு. டீசல் செலவே இல்லாமல் பிழைத்த ஒரு பெண்ணை, தினமும் போக வர சுமார் 50 கிலோமீட்டர் பயணம் செய்ய வைத்துவிட்டு, அதைச் சுற்றுச்சூழல் திட்டம் என்கிறோம். இந்தக் கணக்கு எங்கே தவறியது என்று புரிய, அரை நூற்றாண்டு பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

கூவத்தைச் சுத்தம் செய்வது புதிய கனவு அல்ல. 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணா அரசே கூவம் சீரமைப்பைத் தொடங்கியது. கரையைக் கட்டினார்கள், படகுத் துறைகள் அமைத்தார்கள். ஆனால் நகரத்தின் சாக்கடை ஆற்றில் விழுவது நிற்கவில்லை. அதனால் படகும் நிலைக்கவில்லை.

அதே காலத்தில்தான் இன்னொரு முக்கியமான முடிவும் எடுக்கப்பட்டது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் உருவானது. அடுத்த ஆண்டு, 1971-இல், குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றல் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயரில் மேம்பாடுதான் முதலில் வருகிறது, அகற்றல் அதற்குப் பிறகுதான். மக்கள் வாழ்ந்த இடத்திலோ அதன் அருகிலோ மாடி வீடுகள் எழுந்தன. 1977-க்குப் பிறகு உலக வங்கிக் கடனில் நடந்த சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்திலும், பல குடிசைப் பகுதிகளுக்கு அவை இருந்த இடத்திலேயே தண்ணீர்க் குழாய், கழிப்பறை, தெருவிளக்கு எல்லாம் வந்தன. இருக்கும் இடத்திலேயே வாழ்வை மேம்படுத்த முடியும் என்பதற்கு இந்த நகரமே சாட்சி.

பிறகு எப்படி மாறியது?

சட்டப்படி, ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்தால்தான் அங்குள்ளவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு. 1971-இல் சென்னையில் 1,202 பகுதிகள் பட்டியலில் இடம்பெற்றன. 1985-இல் மேலும் 17 சேர்ந்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் புதிதாக ஒன்றுகூடச் சேர்க்கப்படவில்லை. நகரம் பெருத்தது, கூலி வேலைக்கு வந்தவர்கள் பெருகினார்கள், பட்டியல் மட்டும் அப்படியே நின்றது. பட்டியலில் இல்லாதவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'ஆக்கிரமிப்பாளர்'. தோழர்களே, இந்தச் சொல் ஒரு காகிதத்தில் எழுதாமல் விட்டதிலிருந்து பிறந்தது.

2000-இல் கண்ணகி நகரில் மறுகுடியமர்வு தொடங்கியது. அங்கே 15,656 வீடுகள். அடுத்து செம்மஞ்சேரியில் 6,764. பிறகு பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல். மூன்றுமே நகரத்தின் தெற்கு ஓரத்தில். அங்கே அனுப்பப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள்: துப்புரவுப் பணியாளர்கள், வீட்டு வேலை செய்வோர், மூட்டை தூக்குவோர், பழைய பொருள் சேகரிப்போர். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடத்தை, நகரத்துக்கு வெளியே குடியிருப்பு என்று புதிதாக வரைந்தார்கள்.

2010-இல் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை அந்தப் பெயரில் செயல்படத் தொடங்கியது. கூவம் சீரமைப்புக்கு 1,900 கோடி ரூபாய்க்கும் மேல் திட்டம் போட்டார்கள். அகற்ற வேண்டியவை என்று கணக்கிட்ட குடும்பங்கள் 14,000-க்கும் மேல். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வேகம் கூடியது. தீவுத்திடல் அருகே கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகரை, 2019 டிசம்பர் கடைசியில், கல்வியாண்டின் நடுவில் இடிக்கத் தொடங்கினார்கள். சத்தியவாணி முத்து யார் என்று இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1967 அண்ணா அமைச்சரவையில் இருந்த தலித் பெண் அமைச்சர் அவர். கூவத்தைச் சீராக்கப் புறப்பட்ட அதே அமைச்சரவை. அவர் பெயரைத் தாங்கிய தெருக்கள்தான் கூவத்தின் பெயரால் இல்லாமல் போயின.

ஆறு மீள வேண்டாமா என்று கேட்பார்கள். நிச்சயம் மீள வேண்டும். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது நம் வீடுகள்தான். ஆபத்தான கரையில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பான வீடு வேண்டும் என்பது நம் கோரிக்கையும்கூட. ஆனால் கூவத்தைக் கறுப்பாக்கியது கரையோரக் குடிசை அல்ல, நகரம் முழுவதிலிருந்தும் வந்து விழும் கழிவுநீர். நீர்வழியை அடைத்தது யார் என்று பார்த்தாலும் இதே கதைதான். பக்கிங்காம் கால்வாயின் மீது பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அடையாற்றின் மேலே விமான நிலைய ஓடுபாதை போகிறது. அவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை.

வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று அழைத்துப்போன இடமாவது மேடா? அதுவும் இல்லை. பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சார்ந்த தாழ்ந்த நிலப்பகுதி. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்பட்டோமே, அதே சதுப்புநிலம்தான். 2015-இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்தப் பகுதிகள் தண்ணீரில் நின்றன. ஒரு நீர்நிலையை மீட்க மக்களை எடுத்து, இன்னொரு நீர்நிலையின் மடியில் வீடு கட்டி வைத்தார்கள்.

எரிசக்திக் கணக்கையும் பாருங்கள். கூரை வீட்டில் ஒரு பல்பு, ஒரு மின்விசிறி. நடை தூரத்தில் வேலை. இப்போது எட்டு அடுக்குக் கட்டடம். தண்ணீர் மேலே ஏற மோட்டார், ஆள் மேலே ஏற லிஃப்ட். கரன்ட் போனால் முதியவர்கள் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். 2023-இல் வெளியான சென்னையின் காலநிலைச் செயல்திட்டம், 2050-க்குள் கார்பன் சமநிலையை அடைய வேண்டும் என்கிறது. நல்ல இலக்கு. தெருவிளக்கை எல்.இ.டி.யாக மாற்றி மிச்சப்படுத்தும் மின்சாரத்தைக் கணக்கிடத் தெரிந்த நிர்வாகத்துக்கு, மக்களை 25 கிலோமீட்டர் தள்ளி வைத்ததால் எரியும் டீசலையும் கணக்கிடத் தெரிய வேண்டும். இந்த நகரத்தில் மிகக் குறைவாக எரித்து, பிறர் எறிந்ததைப் பொறுக்கி மறுசுழற்சிக்கு அனுப்பி வாழ்ந்தவர்கள் நம் மக்கள். பசுமைத் திட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இடிப்பு நோட்டீஸ்.

அடுத்த முறை உங்கள் ஊரில் ஏரி மீட்பு, ஆற்றங்கரைப் பூங்கா என்று திட்டம் வந்தால் எதிர்ப்பதா ஆதரிப்பதா என்று உடனே குழம்ப வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நான்கு கேள்விகள் போடுங்கள். எத்தனை குடும்பங்களை எடுக்கிறீர்கள்? அவர்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து புதிய வீடு எத்தனை கிலோமீட்டர்? புதிய வீடு நிற்கும் நிலத்தின் பழைய வருவாய்ப் பதிவு என்ன? அதே நீர்வழியில் உள்ள பெரிய கட்டடங்களுக்கு எத்தனை நோட்டீஸ் கொடுத்தீர்கள்?

பதில் வந்ததும் அந்தத் தெருவில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் காட்டுங்கள். 1971-இல் எழுதிய சட்டம் இன்னும் இருக்கிறது. அதன் பெயரில் மேம்பாடு என்ற சொல் இன்னும் முதலில்தான் இருக்கிறது.